கொழும்புக்கு அனுப்புவதா, ஊசியோடு நிற்பதா: படுவான்கரையிலிருந்து வந்த ஒரு பாரிசவாத நோயாளி

58 வயதுப் பெண். வீடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்தும் இன்னும் உள்ளே. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. அதன் தொடர்ச்சியாக ஏட்ரியல் பிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் நிலை. அப்படி நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறையும் என்பதால், உறைவதைத் தடுக்கும் வார்பரின் குளிசை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரும்போக வேளாண்மை வெட்டுத் தொடங்கியதிலிருந்து அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. குளிசை முடிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது.

(இந்தக் கட்டுரையில் வரும் நோயாளிகள் ஒவ்வொருவரும் பலருடைய விவரங்களைச் சேர்த்து எழுதப்பட்டவர்கள். ஆளைத் தேட வேண்டாம்.)

அன்று வெட்டுமெசின் வயலுக்கு வருகிற நாள். மெசின்காரர் கணவருக்குப் போன் எடுத்தபோது, அடுப்படியில் கிடந்த போனை எடுத்துப் பேசி, "இந்தா வாறார்" என்று சொல்லிக் கணவரிடம் கொடுத்தது இந்த அம்மாதான். போனில் அந்த அழைப்பின் நேரம் 5.48. இந்த ஒரு இலக்கம் பிறகு எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. பாரிசவாதத்தில் எப்போது தொடங்கியது என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைத் தெரிந்துகொள்ளத்தான். விழுந்ததைக் கண்ட நேரத்தை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. "விடியக்காலை" என்று சொன்னால், மூளை நாடியை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதா வேண்டாமா என்பதே சிக்கலாகிவிடும்.

6.20க்கு மகள் கிணற்றடியில் கண்டிருக்கிறாள். வாளி உருண்டு கிடக்க, அம்மா கிணற்றுக் கட்டோடு சாய்ந்தபடி. வாய் இடப்பக்கம் கோணி, வலக்கை தொங்கி, இரண்டு கண்ணும் இடப்பக்கமே நின்றன. கூப்பிட்டால் சொல் இல்லை. பிறகு ஐம்பது நிமிடம் வீட்டிலேயே போய்விட்டது. அயலில் உள்ளவர்கள் கூடி, தூக்கி உள்ளே கிடத்தி, காலுக்கு எண்ணெய் தேய்த்தார்கள். மயக்கம் தெளியட்டும் என்று யாரோ கொத்தமல்லித் தண்ணி பருக்க, அது இருமலோடு கடைவாயால் வழிந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எல்லோரும் அவரவர் அறிந்த நல்லதைத்தான் செய்தார்கள். ஆனால் விழுங்க முடியாதவருக்கு வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குப் போகலாம். அது மூன்றாம் நாளில் சளிச்சுரமாக வந்து எங்களைப் படுத்தியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

7.10க்கு முச்சக்கரவண்டி. கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சீனி பார்த்தார்கள், ஊசிவழி ஏற்றினார்கள். அங்கே சி.ரி. இயந்திரம் இல்லை. 7.55க்கு அம்புலன்ஸ் புறப்பட்டது. 2014இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன் இதே பயணத்துக்குத் துறையில் பாதை எனும் மிதவைப் படகு வரும்வரை காத்து நிற்க வேண்டும். இப்போது பாலத்தால் ஏறி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பாலம் என்று நேரே வரலாம். சி.ரி. வசதியும் கட்டி கரைக்கும் ஊசியும் உள்ள ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது 8.35. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 2 மணி 47 நிமிடம்.

பார்த்தவுடனேயே இடப்பக்க மூளையின் பெரிய நாடி அடைபட்டது என்று சந்தேகிக்கலாம். வலக்கை, வலக்கால் இரண்டிலும் அசைவு இல்லை, பேச்சும் விளக்கமும் இல்லை, பார்வை இடப்பக்கம் திரும்பி நின்றது. பாரிசவாதத்தின் கடுமையை அளக்கும் என்.ஐ.எச். அளவுகோலில் 17 புள்ளி (42 உச்சம்). பிரஷர் 178/96. எடை 52 கிலோ என்று கட்டில் தராசு காட்டியது. 8.55க்கு சி.ரி. ஸ்கான்: இரத்தக்கசிவு இல்லை. இடது நடு மூளை நாடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதுதான் கட்டி. மூளைத் திசுவில் ஆரம்பச் சேதத்தைப் பார்க்கும் ஆஸ்பெக்ட்ஸ் கணக்கில் பத்துக்கு எட்டு, அதாவது சேதம் இன்னும் கொஞ்சம்தான்.

இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்கும் என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.3 என்று வந்தது. இங்கே ஒரு முரண் இருக்கிறது. வார்பரினை ஒழுங்காகப் போட்டிருந்தால் ஐ.என்.ஆர். 2க்கு மேல் இருந்திருக்கும், இந்தக் கட்டியே வராமல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். விட்டுவிட்டதால் கட்டி வந்தது, விட்டுவிட்டதாலேயே கட்டி கரைக்கும் ஊசிக்குத் தடையும் இல்லாமல் போனது. 1.7ஐத் தாண்டியிருந்தால் அந்த ஊசியான அல்ரெப்ளேஸ் போட முடியாது. இப்படி வருகிறவர்களும் உண்டு: வார்பரின் அரைகுறையாக வேலை செய்துகொண்டிருக்கும், கட்டியைத் தடுக்கப் போதாது, ஊசியை மறுக்க மட்டும் போதும். அவர்களுக்கு நாடிக்குள் குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுப்பது ஒன்றுதான் மிச்சம். மருந்தா, இழுத்தெடுப்பதா என்ற கேள்வியே அங்கே எழாது.

9.13க்கு ஊசி. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் கணக்கில் மொத்தம் 46.8. அதில் பத்தில் ஒரு பங்கை ஒரே தள்ளாகக் கொடுத்து, மிச்சத்தைப் பம்பில் ஒரு மணி நேரமாக ஏற்றினோம். வாசலுக்கு வந்து 38 நிமிடத்தில் ஊசி. நமது பக்கத்து நிலைமைக்கு நல்ல நேரம். ஆனால் நோய் தொடங்கியதிலிருந்து பார்த்தால் 3 மணி 25 நிமிடம் போய்விட்டது. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? அல்ரெப்ளேஸ் ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் வெளியான பகுப்பாய்வில், முதல் 3 மணி நேரத்துக்குள் ஊசி கிடைத்தவர்களில் ஏறக்குறைய ஊனமே இல்லாமல் தேறியவர்கள் 32.9 வீதம், கிடைக்காதவர்களில் 23.1 வீதம். 3 மணியிலிருந்து 4.5 மணிக்குள் என்றால் 35.3க்கு 30.1. நூறு பேரில் பத்துப் பேருக்குக் கிடைத்த கூடுதல் நன்மை ஐந்து பேருக்குச் சுருங்கிவிடுகிறது. கிணற்றடிக்கும் முச்சக்கரவண்டிக்கும் இடையில் போன ஐம்பது நிமிடம் இந்த அம்மாவை முதல் கூட்டத்திலிருந்து இரண்டாம் கூட்டத்துக்குத் தள்ளிவிட்டது.

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேசையை விட்டு இறக்காமல், நாடிக்குள் சாயம் ஏற்றி மறுபடி ஸ்கான் எடுத்தோம். சி.ரி. ஆஞ்சியோகிராம் என்பது இது. இடது நடு மூளை நாடி தொடங்கும் தண்டிலேயே அடைப்பு. அடைப்புக்கு அப்பால், பக்கத்து நாடிகளிலிருந்து பின்வழியாக வந்து சேர வேண்டிய சிறு கிளைகளில் சாயம் மிகக் குறைவாகவே தெரிந்தது. இந்த இரண்டாவது கண்டுபிடிப்புதான் அன்றைய முடிவைத் தீர்மானித்தது.

இந்த இடத்தில் ஊசி ஏன் திணறும் என்று சொல்ல வேண்டும். அல்ரெப்ளேஸ் கட்டியை நேரே கரைப்பதில்லை. இரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தை பிளாஸ்மினாக மாற்றுகிறது. பிளாஸ்மின்தான் கட்டியைப் பிடித்து வைத்திருக்கும் பைப்ரின் நார்களை வெட்டுகிறது. மருந்து கட்டியைப் போய்ச் சேர இரத்தம் ஓட வேண்டும், ஆனால் ஓட்டம் நின்றதுதானே நோய். வாய்க்காலில் கட்டை இறுகினால் மேலிருந்து விடும் மருந்துத்தண்ணி கட்டையின் முகத்தை மட்டும் நனைத்துவிட்டுக் கிளை வாய்க்காலால் போய்விடும், இங்கேயும் அதேதான். சிறிய கிளை நாடியில் உள்ள குட்டிக் கட்டி கரைந்துவிடும். இதயத்திலிருந்து கிளம்பி வரும் பெரிய கட்டி, அதுவும் எட்டு மில்லிமீற்றரைவிட நீளமானது, ஊசிக்கு மட்டும் கரைவது அரிது.

இழுத்தெடுக்கும் முறை வேறு. அரையில் தொடை நாடியைத் துளைத்து, பெருநாடி வழியாகக் கழுத்து நாடிக்குள் குழாயை ஏற்றி, அதற்குள்ளால் இன்னும் மெல்லிய குழாயைக் கட்டியைத் தாண்டி விட்டு, வலைபோன்ற ஒரு ஸ்டென்டை விரிப்பார்கள். சில நிமிடம் வலை கட்டிக்குள் இறங்கியதும் உறிஞ்சியபடியே வெளியே இழுப்பார்கள். சில நேரம் உறிஞ்சும் குழாயே போதும். ஆபத்தும் உண்டு: நாடி கிழியலாம், துளைபடலாம், கட்டியின் துண்டு உடைந்து வேறு கிளைக்குப் போகலாம். ஆஞ்சியோகிராம் கூடம், இதற்கென்று பயின்ற வைத்தியர், மயக்கமருந்து வைத்தியர், தாதிமார், தொழில்நுட்பவியலாளர் என்று ஒரு குழுவே ஆயத்தமாக நிற்க வேண்டும். எங்களுக்கு அந்த வசதி கொழும்பில்தான்.

10.13க்கு ஊசி முடிந்தது. என்.ஐ.எச். புள்ளி 16. காலில் சின்ன அசைவு ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். அப்போதே கொழும்புக் குழுவோடு போனில் பேசிக்கொண்டிருந்தோம், படங்களையும் அனுப்பியிருந்தோம்.

மகள் கேட்டாள்: "டொக்டர், கொழும்புக்குக் கொண்டுபோனா அம்மா எழும்பி நடப்பாவா? காசு எவ்வளவு எண்டாலும் பாப்பம்."

இந்தக் கேள்விக்கு ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்கிறவர் நோயாளியின் படத்தைப் பார்க்காதவராகத்தான் இருப்பார். ஆய்வுகள் சொல்வதை முதலில் பார்ப்போம், அதைவிட முக்கியமாக அவை யாரைப் பற்றிச் சொல்கின்றன என்று பார்ப்போம்.

1995இல் அமெரிக்காவில் 624 பேரை வைத்துச் செய்த ஆய்வுதான் கட்டி கரைக்கும் ஊசிக்கு வழி திறந்தது. அதிலேயே அதன் விலையும் தெரிந்தது: ஊசி போட்டவர்களில் 6.4 வீதம் பேருக்கு மூளையில் ஆபத்தான இரத்தக்கசிவு, போடாதவர்களில் 0.6. அதன் பிறகு நீண்ட காலம் குழாய்முறை ஊசியை வெல்லவில்லை. 2013இல் மூன்று பெரிய ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்து, இழுத்தெடுப்பதால் கூடுதல் நன்மை இல்லை என்றன. அத்தோடு இது முடிந்த கதை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்ந்த பலருக்குப் பெரிய நாடியில் அடைப்பு இருப்பதைப் படமெடுத்து உறுதிப்படுத்தவே இல்லை. பாவித்த கருவிகளில் பல பழையவை. தொடங்கவும் நேரம் பிந்தியது. இல்லாத கட்டியை இழுக்கப் போனால் எந்தக் கருவிதான் வெல்லும்?

அடுத்த இரண்டு வருடத்தில் எல்லாம் மாறியது. நெதர்லாந்தின் எம்.ஆர். கிளீன் ஆய்வு ஆஞ்சியோகிராமில் அடைப்பு உறுதியான 500 பேரை எடுத்தது. மூன்று மாதத்தில் பிறர் உதவியின்றி வாழக்கூடியவர்கள் குழாய்முறையில் 32.6 வீதம், அது இல்லாதவர்களில் 19.1. 2015இல் இன்னும் நான்கு ஆய்வுகள் அதே பக்கம் சாய்ந்தன. ஐந்தையும் சேர்த்து 2016இல் 1,287 பேரின் கணக்கைப் போட்டபோது 46.0க்கு 26.5 என்று வந்தது. இரண்டு மூன்று பேருக்குச் செய்தால் ஒருவருக்காவது ஊனம் ஒரு படி குறையும் என்ற அளவு. பாரிசவாத வைத்தியத்தில் இப்படி ஒரு இலக்கத்தைக் காண்பது அபூர்வம். மூளைக்கசிவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், 4.4 வீதமும் 4.3 வீதமும்.

செய்திகளில் இதை ஊசிக்கும் குழாய்க்கும் நடந்த போட்டியாக எழுதுகிறார்கள். அது சரியில்லை. இந்த ஆய்வுகளில் இரண்டு பக்கத்திலும் பெரும்பாலானோர் ஊசி பெற்றவர்கள். ஒப்பிட்டது ஊசி மட்டும் பெற்றவர்களையும், ஊசியோடு குழாயும் பெற்றவர்களையும். எப்படியும் குழாய் விடப்போகிறோம் என்றால் ஊசியைத் தவிர்க்கலாமா என்று பிறகு சீனா, ஜப்பான், ஐரோப்பா, அவுஸ்திரேலியா என்று பல இடங்களில் ஆறு ஆய்வுகள் நடந்தன. அவற்றையெல்லாம் சேர்த்து 2023இல் வெளியான பகுப்பாய்வும் ஊசியைத் தவிர்ப்பது அதற்கு ஈடானது என்று நிறுவவில்லை. அந்த ஆய்வுகள்கூட இழுத்தெடுக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேரே வந்தவர்களைப் பற்றியவை. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி இருக்கும் ஒருவருக்கு ஊசியை நிறுத்திவைத்துக்கொண்டு அம்புலன்ஸில் ஏற்றுவதற்கு அவற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். அதே ஐந்து ஆய்வுகளின் தரவில், தொடங்கி 7.3 மணி நேரத்துக்குப் பிறகு தொடையைத் துளைத்தவர்களில் குழாய்முறையின் நன்மை உறுதியாகத் தெரியவில்லை. இந்த அம்மாவுக்கு அந்த எல்லை பிற்பகல் 1.06. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போகும் அம்புலன்ஸ் எவ்வளவு சங்கு ஊதினாலும் ஆறேழு மணி நேரம். 10.45க்குப் புறப்பட்டிருந்தால் வந்து சேர ஐந்தரை, மறுபடி ஸ்கான் எடுத்துத் துளைக்க ஆறரை. தொடங்கி 12 மணி 40 நிமிடம்.

அதற்கும் ஆய்வு இருக்கிறது என்று கொழும்புக் குழு ஞாபகப்படுத்தியது, நியாயமாகத்தான். 2018இல் வந்த டோன், டிபியூஸ் 3 ஆகிய இரண்டும் பிந்தி வந்தவர்களைப் பற்றியவை. டோனில் 6 மணியிலிருந்து 24 மணிக்குள் இழுத்தெடுத்தவர்களில் 49 வீதம் பேர் தாமாக வாழும் நிலைக்கு வந்தார்கள், மற்றவர்களில் 13 வீதம்தான். டிபியூஸ் 3இல் 6 முதல் 16 மணி வரை, 45க்கு 17. முன்னைய ஆய்வுகளைவிட இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதைப் பார்த்து, பிந்திப் போனாலும் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. இந்த ஆய்வுகளில் சேர, அத்தனை மணி நேரத்துக்குப் பிறகும் மூளையின் செத்த பகுதி சிறிதாகவும், பட்டினி கிடந்தும் உயிரோடு இருக்கும் பகுதி பெரிதாகவும் இருக்க வேண்டும். அதாவது பின்வழிக் கிளைகள் நன்றாக உள்ள, மெதுவாகச் சேதமடைகிற மூளைக்காரர்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். அந்த 49 வீதம் அவர்களுடையது.

எங்கள் நோயாளியின் படத்தில் பின்வழிக் கிளைகள் மோசம். அவருடைய மூளை வேகமாகச் சாகிற வகை. ஐந்தரை மணிக்கு அங்கே எடுக்கும் ஸ்கானில் மீட்க எதுவும் மிச்சமிருக்காது என்பது எங்கள் கணிப்பு. போனின் மறுமுனையில் இருந்தவரும் படங்களை மறுபடி பார்த்துவிட்டு அதையே சொன்னார். மறுபக்கம், ஊசி போட்டு முதல் 2 மணி நேரம் ஒவ்வொரு கால் மணிக்கும், பிறகு 6 மணி நேரம் ஒவ்வொரு அரை மணிக்கும் பிரஷர் பார்த்து, 180/105க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். ஓடும் வண்டியில் வாந்தி வந்தால், மூளையில் கசிந்தால், ஹபரணைக் காட்டு வழியில் என்ன செய்வது? அந்த அம்புலன்ஸோடு ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் நாள் முழுவதும் போய்விடுவார்கள் என்பதும் விடுதியில் எண்ண வேண்டிய விடயம்.

மகளிடம் சொன்னது இதுதான்: "தங்கச்சி, மூளை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் எண்டு படத்தில தெரியும். அம்மாட படத்தில அது குறைவு. போய்ச் சேரேக்க எடுக்கிறதுக்கு ஒண்டும் இராது, வழியில ஆபத்து இருக்கு. இஞ்ச வைச்சுப் பாப்பம்." கணவர் ஒன்றும் பேசவில்லை. மகள் கொழும்பில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அவரையும் என்னோடு பேசவைத்தாள். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "முதல்லயே நேரே இஞ்ச கொண்டு வந்திருந்தா?" இதற்கும் பதில் உண்டு. ஸ்பெயினின் கட்டலோனியாவில், பெரிய நாடி அடைப்பென்று சந்தேகித்த கிராமப்புற நோயாளிகளைக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, தாண்டி நேரே இழுத்தெடுக்கும் நிலையத்துக்குப் போவதா என்று ஆராய்ந்தார்கள். 2022இல் வந்த முடிவில் மூன்று மாதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அங்கேயுள்ள தூரங்கள் நம்முடையதைவிடச் சின்னவை. படுவான்கரையிலிருந்து நேரே கொழும்பு என்றால் ஊசிக்கு உள்ள நான்கரை மணி நேர எல்லையும் தெருவிலேயே முடிந்திருக்கும்.

அன்று எடுத்த முடிவு இந்த நோயாளிக்குச் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இதே இடத்தில் கட்டி, இதே நேரம், ஆனால் பின்வழிக் கிளைகள் நிறைந்து தெரியும் படம் என்றால் அம்புலன்ஸில் ஏற்றியிருப்போம். இரண்டுக்கும் இடையில் முடிவை மாற்றுவது அந்த ஆஞ்சியோகிராம் ஒன்றுதான். வெறும் சி.ரி. எடுத்து, ஊசி போட்டு, "பொறுத்துப் பார்ப்போம்" என்று விடுதிக்கு அனுப்பினால் யாரை அனுப்பியிருக்கலாம் என்பதே தெரியாமல் போகும். சிறுநீரக முடிவு வரட்டும், சாயம் பிறகு ஏற்றலாம் என்று காத்திருப்பதும் இந்த நோயில் பெரும்பாலும் தேவையில்லாத காத்திருப்பு.

கட்டி ஒன்றுதான், விழுந்த ஊர் வேறு என்றால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொருவர். காத்தான்குடிப் புடவை வியாபாரி, 52 வயது. சாமான் எடுக்கக் கொழும்பு புறக்கோட்டைக்குப் போன இடத்தில், கடைக்குள்ளேயே விழுந்தார். அதே இடது நடு மூளை நாடியின் தண்டு. ஒரு மணி நேரத்துக்குள் ஊசி, மூன்று மணி நேரத்துக்குள் கட்டி வெளியே. ஊருக்கு வந்து எங்கள் கிளினிக்கில் பார்த்தபோது கை கால் எல்லாம் சரி. "வாப்பா எல்லாம் கதைக்கிறார், கணக்குச் சொல்லக்குள்ள மட்டும் இலக்கம் தடக்குது" என்றான் மகன். ஒருவரை ஒருவரோடு வைத்துப் பார்ப்பது ஆதாரம் ஆகாது. அவருடைய பின்வழிக் கிளைகளும் நன்றாக இருந்திருக்கலாம். ஆனாலும் ஆய்வின் இலக்கங்கள் எங்கள் கிளினிக் கதிரையில் வந்து உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும்.

குழாய் எல்லா இடத்திலும் வெல்லும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்பாறைப் பக்கமிருந்து 46 வயது ஆசிரியர் ஒருவர், கை மட்டும் விழுந்து, வார்த்தை குழறி வந்தார். தூரத்துக் கிளையில் சின்ன அடைப்பு. இரண்டு மணி நேரத்தில் ஊசி, பின்னேரம் தேநீர்க் கோப்பையைத் தானே பிடித்தார். இப்படியான சிறிய, நடுத்தர நாடிகளில் குழாய் விடுவதால் மருந்தைவிடக் கூடுதல் நன்மை இல்லை என்று 2025இல் இரண்டு ஆய்வுகள் ஒன்றாகச் சொன்னன. அவரைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தால் வீண் அலைச்சல்.

படுவான்கரை அம்மாவுக்குத் திரும்புவோம். 24 மணி நேர ஸ்கானில் கசிவு இல்லை, ஆனால் இடது நடு நாடிப் பகுதியில் பாதிக்கு மேல் சேதம். மேல் பின்பகுதி தப்பியிருந்தது. ஊசி கடைசியில் கட்டியின் ஒரு பகுதியையாவது கரைத்திருக்கும் என்று ஊகிக்கிறேன். வீக்கம் கூடினால் மண்டையோட்டின் ஒரு பக்கத்தைத் திறந்துவிடும் சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும், 60 வயதுக்குக் கீழ் அது உயிரைக் காப்பாற்றும் என்பதால் முன்கூட்டியே பேசிவைத்தோம். தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல், வலது நுரையீரலின் அடியில் சளி. ஐந்து நாள் நோயெதிர்ப்பு மருந்து. தண்ணீர் விழுங்கும் பரிசோதனையில் தோற்றதால் மூக்குக் குழாயால்தான் சாப்பாடு, பத்தாம் நாள்வரை.

வார்பரினை உடனே தொடங்கவில்லை, சேதம் பெரிது, கசியலாம். இரண்டு கிழமை அளவில் தொடங்கினோம். ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய குளிசைகள் இருக்கின்றனவே, அவற்றைக் கொடுக்கலாமே என்று சித்தப்பா கேட்டார். ருமாட்டிக் வால்வு நோயோடு வரும் ஏட்ரியல் பிப்ரிலேஷனில் வார்பரின் போன்ற பழைய மருந்துதான் ரிவரோக்ஸபானைவிட நல்லது என்று 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டிவிட்டது. நம் பகுதியில் இந்த வால்வு நோய் இன்னும் இருப்பதால் ஐ.என்.ஆர். புத்தகத்திலிருந்து தப்ப முடியாது.

இந்த நோயாளிக்குப் பிறகு எங்கள் பேச்சில் அடிக்கடி வருவது ரெனெக்ரெப்ளேஸ் என்ற இன்னொரு கட்டி கரைக்கும் மருந்து. ஒரே ஊசி, சில விநாடியில் முடிந்துவிடும்; பம்பும் வேண்டாம், அம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு மணி நேர ஏற்றம் முடியக் காத்திருக்கவும் வேண்டாம். தூரத்துக்கு அனுப்ப வேண்டிய இடங்களுக்குப் பொருத்தமானது. 2022இல் கனடாவில் நடந்த ஆய்வு அது அல்ரெப்ளேஸுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. ஒரு எச்சரிக்கை மட்டும்: மாரடைப்புக்குக் கொடுத்துப் பழகிய கை மாரடைப்பு அளவையே எடுத்துவிடக் கூடாது. பாரிசவாதத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், உச்சம் 25. 0.4 கொடுத்துப் பார்த்த நோர்வே ஆய்வைக் கசிவு காரணமாக நிறுத்த வேண்டி வந்தது.

மூன்று மாதத்தில் அம்மா நாலுகால் தடியோடு வீட்டுக்குள் நடக்கிறார். வெளியே போக ஆள் வேண்டும். சொன்னது விளங்குகிறது, பதில் ஒன்றிரண்டு சொல்லில் வருகிறது. ஊனத்தை அளக்கும் ராங்கின் அளவில் 3. வலக்கை இன்னும் வேலைக்கு உதவாது. பேச்சுப் பயிற்சிக்குக் கிழமைக்கு ஒருநாள் மகள் கூட்டிவருகிறாள், அதே நாளில் ஐ.என்.ஆர். இரத்தமும் எடுத்துவிடும்படி கிளினிக் நாளை மாற்றிக் கொடுத்திருக்கிறோம். கடைசியாக 2.4. வால்வைப் பலூன் வைத்து விரிக்கலாமா என்று பார்க்க இதயக் கிளினிக்குக்கு எழுதியிருக்கிறோம், எக்கோ அடுத்த மாதம்.